இரண்டு கண் காவற்காரன்

வீராணம் ஏரியை அறியாதவர் இருக்க முடியாது. சென்னைவாசிகள்கூட, 2004-ம் ஆண்டு குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகு, அந்த ஏரிக்குக் கடன்பட்டவர்களாகிவிட்டார்கள். ஏரிக் கரையோரம், காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அரபிக் கல்லூரிக்கும் பெயர் பெற்ற ஊர். இன்னொரு விசேஷமும் உண்டு. இவ்வூர் ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். வீடு இங்கே, வீட்டுக்காரர் அங்கே! மாமியார், மருமகள், பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள், இவர்கள் பொறுப்பில் ஒரு பெரிய வீடும், பின்னால் ஒரு நீண்ட கொல்லையும்.

அப்படி ஒரு வீட்டை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். துபாயிலிருந்து கணவர் டெலிபோனில் பேசுகிறார்:

"இதைக் கேளும்மா, ரெண்டு லென்ஸ் வெச்ச காமிரா ஒண்ணு வந்திருக்கு. சுத்திச் சுத்திப் பார்க்குமாம். ஆள் வந்தா கூடவே திரும்புமாம். ஒண்ணு வாங்கி மாட்டிட்டா, நான் இங்கேருந்தே வீடு பூராவும் பார்த்துக்குவேன்!"

"வீடு பூராவுமாங்க?" என்கிறாள் மனைவி.

இந்தக் கேள்வியில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஒரே ஒரு காமிரா வீடு பூராவும் பார்த்துவிடுமா என்பது ஒன்று. வீடு பூராவும் பார்க்கத்தான் வேண்டுமா என்பது மற்றொன்று. காமிரா விற்கிற கடைக்காரர் முதல் கேள்விக்கு "ஓ, பார்க்குமே!" என்று பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்வி அவர் காதில் விழாது. ஆகவே இரண்டையும் நாமே விசாரித்துவிடுவோம்.

வீட்டுக்குக் காமிரா வைக்கும் யோசனை ஆண்களுடைய மூளையில் உதித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நியூயார்க் நகரில் குயின்ஸ் என்ற பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். வேளை கெட்ட வேளையில் வேலைக்குப் போய் வருகிற உத்தியோகம். கணவருக்கும் அப்படியே. இரவில் தனியாக இருக்கும்போது கதவு தட்டப்பட்டால் யார் என்று தெரியாமல் திறப்பதா? போலீஸைக் கூப்பிட்டாலோ உடனே வரமாட்டார்கள். அந்த அம்மாள் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். கதவில் உயரத்துக்கு ஒன்றாக நான்கு துவாரங்கள். உட்புறத்தில் மேலும் கீழும் நகர்ந்து ஒவ்வொரு துவாரம் வழியாகவும் பார்க்கும் காமிரா. நெட்டையான ஆள் வந்தாலும் குட்டிப் பையன் வந்தாலும் முகம் தெரியும். படுக்கையறையில் ஒரு டெலிவிஷன் பெட்டி. வந்தவரோடு பேச மைக்கும், வேண்டியவரானால் படுத்தபடியே தாழ்ப்பாளை விடுவிக்க ஒரு பொத்தானும், வேண்டாதவரானால் அபாயச் சங்கு ஊத இன்னொரு பொத்தானும். கணவர் ஆல்பர்ட் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். கூட இருந்து உதவினார். 1966 ஆகஸ்டில் இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்து, 1969 டிசம்பரில் பெற்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் காமிரா *நகர்ந்தது*. பொத்தான் யார் கையில் இருந்தது? வீட்டுக்குள் இருந்த பெண்ணின் கையில். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது நம்முடைய யந்திரத்துக்கு வருவோம். இடம் வலமாகத் திரும்புவதற்கு 'பான்' என்றும், மேலும் கீழும் தலையாட்டுவதற்கு 'டில்ட்' என்றும், தூரத்துப் பொருளைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுவதற்கு 'ஜூம்' என்றும் பெயர். மூன்றும் செய்கிற காமிராவைப் பி.டி.இசட். என்கிறார்கள். உள்ளே இரண்டு சிறிய மோட்டார்களும் சில பல்சக்கரங்களும் இருக்கின்றன. ஒரு மோட்டார் தலையைச் சுற்றுகிறது. மற்றது தலையைக் குனிய வைக்கிறது. அநேகமாக முழு வட்டமே சுற்றி வந்துவிடும்.

கேட்பதற்குப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் கண் பி.டி.இசட். காமிராவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. நம் தெருக்களில் முன்பெல்லாம் கூர்க்கா இரவில் ரோந்து வருவாரல்லவா? அவர் வடக்குத் தெருவில் தடியைத் தட்டும்போது தெற்குத் தெருவில் ஆள் இல்லை. திருடனுக்கு அந்தத் தட்டும் சத்தமே போதும். காமிராவும் அப்படித்தான். மாமரத்துப் பக்கம் திரும்பி ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சமயத்தில் வாசற்கதவை யாராவது திறந்தால், அது பதிவாகவே பதிவாகாது. பார்க்காத பக்கத்தைப் பிற்பாடு எந்தப் பெட்டியிலும் தேடி எடுக்க முடியாது.

இந்தக் குறைக்குப் பரிகாரமாகத்தான் இரண்டாவது கண் வந்தது. மேலே ஒரு லென்ஸ், அது அசையாது. அகன்ற பார்வையோடு ஒரே திசையை இரவு பகலாகப் பார்த்தபடி இருக்கும். கீழே உருண்டைத் தலையில் இன்னொரு லென்ஸ். அது திரும்பும், குனியும். மேல் கண்ணில் மனித உருவம் ஒன்று தட்டுப்பட்டால், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் சில்லு அந்த உருவம் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுக் கீழ்க் கண்ணுக்குச் சொல்லும். கீழ்க் கண் அந்தப் பக்கம் திரும்பி, ஆளைப் பின்தொடரும். ஆள் போன பின் சற்று நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். செல்போனில் மேலே ஒரு படம், கீழே ஒரு படம் என இரண்டும் ஒரே சமயத்தில் தெரியும். ஒருவன் வாசலில் நிற்க, மற்றவன் ஓடிப் பார்த்துவருகிற மாதிரி.

ஜாக்கிரதை! 'இரண்டு லென்ஸ்' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் இந்த ஜாதி அல்ல. சிலவற்றில் இரண்டு லென்ஸும் ஒரே தலையில் ஒட்டியிருக்கும். ஒன்று அகலப் பார்வைக்கு, மற்றது தூரப் பார்வைக்கு. தலை திரும்பினால் இரண்டும் சேர்ந்து திரும்பும். தூரத்தைத் தெளிவாகக் காட்ட இது நல்ல ஏற்பாடு. ஆனால் முதுகுப்புறம் நடப்பது இதற்கும் தெரியாது. மேல் லென்ஸ் அசைகிறதா, அசையாதா? கடையில் பெட்டியைத் திறந்து முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது ஜூம். இதில்தான் நிறைய ஏமாற்றம். நிஜ ஜூம் லென்ஸினால் செய்யப்படுவது. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை அப்படியே பெரிதாக்குவது. பத்திரிகையில் அச்சான போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் என்ன தெரியும்? புள்ளிகள்! முகம் தெரியாது. அதே கதைதான்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? பயப்படாதீர்கள், பால் கணக்கைவிடச் சுலபம். முன்பின் தெரியாத ஒருவருடைய முகத்தை அடையாளம் சொல்ல வேண்டுமானால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது படத்தில் விழவேண்டும் என்று ஐரோப்பிய நிபுணர்கள் வரையறுத்திருக்கிறார்கள். 'நான்கு மெகாபிக்ஸல்' காமிராவில் படத்தின் குறுக்கே சுமார் 2,560 புள்ளிகள். ஆக, படத்தில் அடங்கும் அகலம் பத்து மீட்டருக்கு மேல் போனால் முகம் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அகலப் பார்வை லென்ஸ். அதில் நாலு மீட்டர் தூரத்திலேயே படம் பத்து மீட்டர் அகலமாகிவிடுகிறது. 12 மில்லிமீட்டர் லென்ஸில் இருபது மீட்டர் சுமாருக்குப் போனால்தான் அவ்வளவு அகலம் வரும். அதாவது அகலக் கண், 'யாரோ ஒரு ஆள் கொல்லையில் நடக்கிறான்' என்று சொல்லும். 'அவன் இன்னான்' என்று சொல்ல நீளக் கண் வேண்டும். இரண்டு லென்ஸும் ஒரே 'மில்லிமீட்டர்' என்றால் அந்தக் காமிராவில் பாதி லாபம் போயிற்று. இந்த எண்களைக் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்டமாத்திரத்தில் அவர் உங்களை மரியாதையோடு பார்ப்பார்!

இதெல்லாம் பகல் கணக்கு. இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிக் கறுப்பு வெள்ளையாகப் பார்க்கும். சில காமிராக்கள் வெள்ளை விளக்கை ஏற்றிக்கொண்டு கலரில் பார்க்கும். வெள்ளை விளக்கு திடீரென்று எரிந்தால் வந்தவன் திடுக்கிட்டு ஓடுவதற்கும் உதவும். ஆனால் ஏரிப் பக்கத்து ஊர்களில் மழைக் காலத்துப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா? விளக்கடியில் மொய்க்கும். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி ஒரே ஒரு நூல் கட்டிவிட்டால் போதும். அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் தெறித்து, படத்தின் குறுக்கே வெள்ளைப் பிழம்பாகத் தெரியும். காமிராவைச் சந்தேகிக்குமுன் ஒட்டடைக்கோலைத் தேடுங்கள்.

சரி, எந்த இடத்துக்கு இது ஏற்றது? விசாலமாகவும், நடுவே மறைப்பு இல்லாமலும், எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருவார் என்று சொல்லமுடியாமலும் இருக்கிற இடத்துக்கு. நீண்ட கொல்லை, தென்னந்தோப்பு, நெல் காயப்போடும் களம், பள்ளி விளையாட்டு மைதானம், கல்யாண மண்டபத்தின் வாகனம் நிற்கும் முற்றம். இங்கெல்லாம் நாலு காமிரா வைப்பதற்குப் பதிலாக நடு உயரத்தில் இப்படி ஒன்று வைத்தால் காசு மிச்சம்.

வெற்றிலைக் கொடிக்காலுக்கு வைக்கலாமா என்று லால்பேட்டைக்காரர்கள் கேட்கலாம். கொடிக்காலுக்குள்ளே அகத்திமரமும் கொடியுமாக மதிய நேரத்திலேயே நிழல் கட்டியிருக்கும். அதன் நடுவில் எந்தக் காமிராவை வைத்தாலும் இலையைத்தான் பார்க்கும். காற்றில் இலை ஆட ஆட, ஆள் வந்துவிட்டதாக எண்ணிச் செல்போனை அலறவைத்தாலும் வைக்கும். உள்ளே போகிற வரப்பையும் பம்புசெட்டுக் கொட்டகையையும் பார்க்கும்படி வெளியே வைப்பதே சரி. அங்கே வைஃபை கிடையாதென்றால் சிம் கார்டு போட்ட காமிரா உண்டு. ஆனால் ஒன்று: நேரடியாக ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய ஒரு ஜி.பி. டேட்டா தீர்ந்துவிடும்.

வாசல் நிலைப்படி, குறுகிய சந்து, மாடிப்படி, கடையின் கல்லாப்பெட்டி, இவற்றுக்கு இது வேண்டவே வேண்டாம். பார்க்க வேண்டியது ஒரே இடம். அசையாத ஒற்றைக் காமிரா அதைச் செவ்வனே பார்க்கும். விலையும் குறைவு, பழுதாக மோட்டாரும் இல்லை. தெருவைப் பார்த்தபடி பி.டி.இசட். வைத்து, ஆளைப் பின்தொடரும் வசதியையும் முடுக்கிவிட்டால், பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், பேப்பர் போடுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் தலையைத் திருப்பித் திருப்பி, பல்சக்கரம் சீக்கிரம் தேய்ந்துபோகும். தவிரவும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. வீட்டின் முன்புறத்தில் மாட்டிய காமிரா, எத்தனை கண் வைத்திருந்தாலும், பின்கட்டைப் பார்க்காது. ஆகவே நம் மருமகளின் முதல் கேள்விக்குப் பதில்: வீடு பூராவும் பார்க்காது. கொல்லைக்கு இரட்டைக் கண் ஒன்று, வாசலுக்கு அசையாக் காமிரா ஒன்று, இதுதான் என் அபிப்பிராயத்தில் நியாயமான ஏற்பாடு.

பதிவு எத்தனை நாள் இருக்கும் என்றும் கேட்டு வைக்கவேண்டும். விநாடிக்கு இரண்டு மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் ஒரு கண்ணுக்கு நாளொன்றுக்கு 21 ஜி.பி.க்கு மேல் ஆகும். இரண்டு கண்ணுக்கு 43. 128 ஜி.பி. மெமரி கார்டு மூன்று நாள்கூடத் தாங்காது. பழையதை அழித்து அதன்மேல் எழுத ஆரம்பித்துவிடும். கல்யாணத்துக்காக நாலு நாள் வெளியூர் போய் வந்து, முதல் நாள் இரவு என்ன நடந்தது என்று தேடினால் இருக்காது. ஆள் நடமாட்டம் இருக்கும்போது மாத்திரம் பதியும்படி செய்தால் கூடுதல் நாள் கிடைக்கும். அல்லது, பீரோவுக்குள் வைத்துப் பூட்டும்படியான தனிப் பதிவுப் பெட்டி வாங்கலாம். திருடன் காமிராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் உள்ளேயிருக்கும் கார்டும் அவனோடு போய்விடும் அல்லவா?

மின்சாரம் போனால்? காவற்காரன் தூங்கிவிடுவான். 2011 டிசம்பர் 30-ம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரை கடந்தபோது, இந்த ஜில்லாவில் எத்தனையோ ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அத்தகைய சமயத்துக்கு எந்த யந்திரமும் ஈடுகொடுக்காது. ஆனால் தினசரி வருகிற அரைமணி, ஒருமணி மின்வெட்டுக்கு, காமிராவையும் வைஃபை பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிட்டால் போதும். பலர் காமிராவை மட்டும் சேர்த்துவிட்டு வைஃபை பெட்டியை மறந்துவிடுகிறார்கள். மழைக்குத் தாங்குமா என்பதற்கு 'ஐபி 66' என்ற முத்திரையைப் பாருங்கள். முதல் ஆறு தூசிக்கு, இரண்டாவது ஆறு பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு.

இனி இரண்டாவது கேள்வி. வீடு பூராவும் பார்க்கத்தான் வேண்டுமா?

பின்கட்டும் கொல்லையும் நம் வீடுகளில் பெண்களுடைய ராஜ்யம். முக்காடு, முந்தானை பற்றிய கவலையில்லாமல் துணி துவைப்பதும், தலை உலர்த்துவதும், அண்டை வீட்டு மாமியோடு மதிலுக்கு மேலே பேசுவதும் அங்கேதான். அங்கே ஒரு கண் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, அதில் மைக்கும் இருக்கிறது, எங்கோ ஓர் ஊரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், திருடன் பயம் நீங்கினாலும் வேறொரு சங்கடம் குடியேறிவிடும். கணவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய அறையில் நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கிறார்களே! அந்தச் செல்போன் மேஜைமேல் திறந்து கிடந்தால்?

இது வீண் கற்பனை அல்ல. கல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களில் ஒருவர், மற்றவர் சம்மதமில்லாமல், குடியிருக்கும் பகுதியிலேயே காமிராக்களைப் பொருத்தினார். விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. கூட வசிப்பவரின் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதியில் காமிரா வைப்பது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருஷம் மே மாதம், அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு பெண் தனிமையில் இருக்கும்போது அவளைப் பார்ப்பதோ படமெடுப்பதோ 2013 முதலே தனிக் குற்றம். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சங்ஹிதாவின் 77-வது பிரிவு. முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாத சிறை. உங்கள் காமிராவின் தலை சுற்றி, அண்டை வீட்டுக் கிணற்றடியை எட்டிப் பார்த்தால் தகராறு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நல்ல வேளையாக, யந்திரத்திலேயே இதற்குப் பரிகாரமும் உண்டு. தலை இவ்வளவு தூரம்தான் திரும்பவேண்டும் என்று சில காமிராக்களில் எல்லை கட்டலாம். கிணற்றடி, குளியலறைக் கதவு, அண்டை வீட்டு ஜன்னல் இவற்றின்மேல் படத்தில் கறுப்புத் திரை போடலாம். தலை திரும்பும்போது அந்தத் திரையும் கூடவே நகர்ந்து, மறைக்க வேண்டிய இடத்தையே மறைக்கிறதா என்று திருப்பிப் பார்த்தே வாங்குங்கள். சில மலிவுச் சரக்குகளில் திரை ஒரே இடத்தில் நின்றுவிடும். கிணற்றடி வெளியே வந்துவிடும்! மைக்கை அணைத்து வைக்கலாம். பகலில் கீழ்க் கண் தென்னை மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்படியும், இரவு பத்து மணிக்கு மேல் காவலுக்கு இறங்கும்படியும் நேரம் வைக்கிற வசதி உள்ளவையும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியம், கணக்கு யார் பேரில் என்பது. காமிராவை முதன்முதலில் எந்தச் செல்போனில் பதிகிறார்களோ, அவர்தான் எஜமானர். மற்றவர்களுக்கு அவர் பார்த்துக் கொடுக்கிற அனுமதிதான். சாதாரணமாக, மாட்ட வந்த பையன் தன் செல்போனிலேயே பதிந்து, "அப்புறம் மாத்திக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவான். விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பெண்ணின் செல்போனில் பதியுங்கள். கடவுச்சொல்லை நீங்களே போடுங்கள். துபாய்க்கு வாசல் காமிராவைப் பார்க்க அனுமதி கொடுங்கள். கொல்லைக்கு இரவு மட்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள். நியூயார்க் நர்ஸம்மாள் பொத்தானைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டது போல.

வெளியார் இணையம் வழியாகக் காமிராவுக்குள் புகுந்துவிடுகிற அபாயமும் இருக்கிறது. இதற்காகத்தான் காமிராக்கள் பாதுகாப்புப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9-ம் தேதி முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பேர் தெரியாத கம்பெனியின் சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்த அன்று ராத்திரியே ஒரு பரீட்சை நடத்திவிடுங்கள். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பையனைக் கொல்லைக் கோடியிலிருந்து வாசல் வரை நடந்து வரச் சொல்லுங்கள். மேல் கண் அவனை எந்த மரத்தடியில் கண்டுகொள்கிறது, கீழ்க் கண் எத்தனை நொடியில் திரும்புகிறது, எங்கே வரும்போது முகம் தெளிகிறது என்று செல்போனில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே சமயத்தில் இன்னொருவரை எதிர்ப் பக்கத்திலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள். கீழ்க் கண் ஒருவர் பின்னால்தான் போகும். மற்றவர் மேல் படத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏணியை எடுக்குமுன் மாட்ட வந்த பையனைக் கூப்பிட்டு, இரண்டடி தள்ளி மாட்டச் சொல்லுங்கள்.